மூட்டும் மூச்சும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்குப் பகுதி வடமராட்சி எனப் பெயர் பெறும். அப்பகுதியில் நெல்லியடிக்கு அணித்தாய் அமைந்த ஊர் கரவெட்டி. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1932ஆம் ஆண்டிற் பிறந்த ஊர் என்று தமிழறிந்தோர் அதனை அறிவர். தோட்டமும் வயலும் பனங்கூடலும் சூழ்ந்த அவ்வூரிற் கைகளை நம்பி வாழ்ந்தோரே என்றும் பெரும்பான்மையினர். தண்ணீர் அள்ளும் கை, புல்லுப் பிடுங்கும் கை, பாய் இழைக்கும் கை, புகையிலை கோக்கும் கை, பேனா பிடிக்கும் கை ஆகிய இவை ஓய்ந்தால் வீடே ஓய்ந்துவிடும்.

அத்தகைய கையொன்று ஒருநாள் விடியற்காலையில் மடங்க மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதைக் கடந்த ஒரு குடும்பப் பெண். கண் விழித்ததும் விரற்கணுக்கள் இறுகிக் கிடக்கின்றன. கிணற்றடியில் வாளிக்கயிறு கைக்குள் அடங்கவில்லை. வெயில் ஏறி ஒரு மணிநேரம் கழிந்த பின்னரே கை தன்வசப்படுகிறது. இரண்டு கைகளிலும் ஒரே விதமான வீக்கம். வாதக் குணம் என்று வீட்டிலுள்ள மூத்தவர்கள் சொல்லுகிறார்கள். எண்ணெய் காய்ச்சப்படுகிறது, நொச்சியிலையால் வேது பிடிக்கப்படுகிறது. இதற்கிடையே சில மாதங்களாக ஒரு வரட்டிருமல்; சற்று விரைந்து நடந்தால் இளைப்பு. அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் வைத்தியரிடம் சென்றபோதும் அவள் கையைத்தான் நீட்டுகிறாள், இருமலைச் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு என்பது அவள் துணிபு.

அந்தத் துணிபு அவளுடைய அறியாமையால் மாத்திரம் பிறந்ததன்று. உலகத்துப் பெருவைத்தியர்களே ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் அவ்வாறுதான் எண்ணியிருந்தனர். மூட்டில் வரும் நோய் மூட்டோடு நிற்கும் என்பதே அவர்களது கொள்கை. அக்கொள்கை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு தளர்ந்தது, மூட்டுக்கும் மூச்சுக்கும் உள்ள உறவு எவ்வாறு வெளிப்பட்டது என்பது மருத்துவ வரலாற்றிற் படிக்கத் தகுந்த ஓர் அத்தியாயம். அதிலே தமிழர் நாடுகளுக்கும் சிறிது பங்குண்டு.

இங்கே சொல்லப்படும் நோய், மேனாட்டு வைத்தியத்தில் ருமற்றொயிட் ஆர்த்திரைற்றிஸ் என்று வழங்குவது. தமிழ்நாட்டில் இதனை முடக்குவாதம் என்பர்; ஈழத்தில் மூட்டுவாதம் என்ற சொல்லும் வழங்குகிறது. முதுமையில் முழங்கால் தேய்ந்து வரும் நோவு இதுவன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, வழிதவறி உடலையே பகையாகக் கருதித் தாக்குவதால் வருவது இது. வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதனினும் சற்றுக் குறைந்த தொகையினர் இதற்கு ஆளாகின்றனர். ஆண்களைக் காட்டிலும் பெண்களிடையே இது இரண்டு அல்லது மூன்று மடங்கு மிகுதி.

பழைய இந்திய மருத்துவ நூலார் மூட்டு நோய்களைப் பற்றி விரிவாகவே ஆராய்ந்தனர். ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் மாதவர், தமது நிதான நூலில் ஆமவாதம் என்ற நோயைத் தனியாக எடுத்துக் கூறினார். செரியாது எஞ்சிய ஆமம் என்னும் மலினம் வாதத்தோடு கூடி உடலெங்கும் பரந்து மூட்டுகளிலே தங்குகிறது என்பது அவர் கொண்ட விளக்கம். அவ்விளக்கம் இன்றைய விஞ்ஞானத்தோடு ஒவ்வாதது. ஆயினும், அவர் கூறிய குறிகளில் மூட்டு வீக்கம் மாத்திரம் இல்லை; உடல் உளைவு, உணவில் வெறுப்பு, தாகம், சோர்வு, சுரம் என்பனவும் உள்ளன. நோய் இருப்பது உடல் முழுவதிலும், வெளிப்படுவது மூட்டில் என்ற எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது. யாழ்ப்பாண அரசர்களது சிம்மாசனப் பெயர்களைத் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் வழங்கிய நாட்டில், வாதம் என்பது ஓர் உறுப்பின் நோயன்று, உடலின் நிலைகுலைவு என்ற கருத்துப் பரம்பரை வைத்தியரிடையே ஊன்றியிருந்தது.

ஐரோப்பாவிலோ வரலாறு வேறு வழியிற் சென்றது. 1800ஆம் ஆண்டில், பாரிஸ் நகரத்துச் சல்பெத்திரியேர் வைத்தியசாலையிற் பணிபுரிந்த லாந்திரே போவே என்ற இளம் வைத்தியர், தமது பட்டத்துக்குரிய ஆய்வுரையில் ஒன்பது பெண்களின் நோயை விவரித்தார். செல்வர்க்கு வரும் நோய் என்று அக்காலத்தார் கருதிய கவுட் என்னும் மூட்டுநோயை ஒத்தும், அதனின் வேறுபட்டும் இருந்த நோய் அது. வறிய பெண்களைப் பீடித்து, நாளடைவில் அவர்களை முடமாக்கியது. இன்றைய மூட்டுவாதத்தைத் தெளிவாக எழுதிய முதல் மேனாட்டார் அவரே என்பர். பின்னர் 1859இல் இங்கிலாந்தைச் சேர்ந்த அல்பிரட் பேறிங் கறொட் என்ற வைத்தியர் ருமற்றொயிட் ஆர்த்திரைற்றிஸ் என்ற பெயரை இந்நோய்க்குச் சூட்டினார். அப்பெயரின் பிற்பாதிக்கு மூட்டின் அழற்சி என்பது பொருள்.

பெயர் ஒன்றைத் தெளிவாக்கும். அதே வேளையில் ஒன்றை மறைக்கவும் செய்யும். மூட்டின் அழற்சி என்று பெயர் வைத்த பிறகு, வைத்தியரின் கண் மூட்டைவிட்டு அகலவில்லை. 1895இல் றொண்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்ததும், மறு ஆண்டிலேயே மூட்டுவாதம் பற்றிய கையின் எலும்புகள் படம் பிடிக்கப்பட்டன. அரிக்கப்பட்ட எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. அதே நோயாளியின் மார்பைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எழுவதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது.

கறொட் இந்நோய்க்குப் பெயரிட்ட காலத்திலேதான் யாழ்ப்பாணத்தில் மேனாட்டு வைத்தியம் தமிழ் பேசத் தொடங்கியது என்பது நினைவிற் கொள்ளத் தக்கது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு, இடையிற் சில ஆண்டுகள் தாய்நாடு சென்று மீண்டதைத் தவிர, 1873வரை அவர் பணியாற்றினார். அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் மாணவர் அவரிடம் வைத்தியம் பயின்றனர். தமிழருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கவேண்டும் என்ற உறுதியினால், அங்காதிபாதம், இரணவைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்களை மாணவர் துணையுடன் தமிழாக்கி வெளியிட்டார். நெஞ்சறையைத் தட்டியும் செவிகொடுத்துக் கேட்டும் நோயறியும் முறை, இவ்வாறு தமிழ்ச் சொற்களின் வழியே குடாநாட்டுக்கு வந்தது. 1816இல் பிரான்ஸ் நாட்டில் லாயெனெக் அமைத்த உடலொலிக் குழலின் பயனை, தமிழ் மாத்திரமே அறிந்த ஒரு மாணவனும் விளங்கிக்கொள்ள வழி பிறந்தது. மூட்டும் மூச்சும் ஒன்றெனக் காட்டும் உண்மைக்கு அக்குழலே முதற்கருவி என்பது பின்னர் விளங்கும்.

மூட்டையும் சுவாசப்பையையும் முதன்முதலில் ஒன்றாக எண்ணிப் பார்த்தது ஒரு பிழையான கொள்கையே. அக்கதை சுவையானது. 1882இற் சயரோகக் கிருமியைக் கண்டறிந்த றொபேட் கொக், பொன்னின் உப்பொன்று அக்கிருமியின் வளர்ச்சியைப் பரிசோதனைக் குழாயில் தடுப்பதாக 1890இற் கூறினார். அதனைப் பற்றிக்கொண்டு ஐரோப்பிய வைத்தியர் பலர் சயரோகிகளுக்குப் பொன்னுப்பை ஊசிமூலம் ஏற்றினர். நீடித்த மூட்டுவாதமும் சயரோகத்தின் சாயலுடைய ஒரு தொற்றே என்று கருதிய பிரெஞ்சு வைத்தியர் ஜாக் பொறெஸ்தியே, 1929இல் அதே ஊசியை மூட்டுவாதக்காரருக்கும் போட்டார். சயரோகத்துக்குப் பொன் பயன்படவில்லை, மூட்டுவாதத்துக்கோ பயன்பட்டது. 1960இல் பிரித்தானியாவில் நடந்த முறையான பரிசோதனை அதன் பயனை மீண்டும் உறுதிசெய்தது. மூட்டுவாதம் சயரோகம் அன்று. ஆகவே கொள்கை பிழைத்தது, மருந்து பிழைக்கவில்லை. மூட்டு நோயைப் பற்றிச் சிந்திக்கும்போது சுவாசப்பையையும் நினைக்கும் பழக்கமும் இக்கொள்கையோடு தோன்றி மறைந்தது.

மெய்யான உறவு 1948இல் வெளிப்பட்டது. இலண்டனைச் சேர்ந்த நெஞ்சுநோய் வைத்தியர் பிலிப் எல்மன் என்பவரும் அவருடைய துணைவர் போல் என்பவரும் பிரித்தானிய மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வரைந்தனர். மூட்டுவாதம் பற்றிய மூவருடைய சுவாசப்பைகளில் நாரிழையம் படர்ந்து இறுகியிருந்ததை அவர்கள் விவரித்தனர். இங்கே ஒரு சொல் மாற்றம் கவனிக்கத் தக்கது. மூட்டழற்சி என்ற சொல்லை விடுத்து, ருமற்றொயிட் நோய் என்று அவர்கள் எழுதினர். நோய் ஒன்று, மூட்டிலும் அது தோன்றும், சுவாசப்பையிலும் தோன்றும் என்பது அதன் கருத்து. மாதவரது காலத்திற் பொதுவாக உணரப்பட்ட எண்ணம், நுண்ணிய சான்றுகளோடு மீண்டும் தலைதூக்கியது எனலாம்.

ஐந்தாண்டு கழித்து, 1953இல், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து இன்னொரு சான்று கிடைத்தது. கரித்தூளைச் சுவாசித்து நோயுற்ற தொழிலாளரைப் பரிசோதிக்கும் குழுவில் இருந்தவர் டொக்டர் அந்தனி கப்லன். மூட்டுவாதமும் உடைய சுரங்கத் தொழிலாளர் சிலரின் மார்புப் படங்களில், சுவாசப்பையின் ஓரங்களை ஒட்டி வட்டமான நிழல்கள் இருப்பதை அவர் கண்டார். மற்றத் தொழிலாளரிடம் அத்தகைய நிழல்கள் அவ்வாறு காணப்படவில்லை. அதனினும் வியப்பானது, சிலரிடத்தில் அந்நிழல்கள் முதலிலும் மூட்டு நோவு பின்னரும் தோன்றியமையாகும். தூளும் மூட்டுவாதமும் சந்திக்கும் இடம் சுவாசப்பை என்பதற்கு இது முதற் சைகை. அதன் முழுப்பொருளை விளங்கிக்கொள்ள இன்னும் அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

அக்காலத்தில் இந்த உண்மை எளிதிற் புலப்படாமைக்கு ஒரு நியாயமும் உண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் மார்புப் படத்தில் நிழல் விழுந்தாற் சயரோகம் என்ற அச்சமே முன்னின்றது. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 1928இல் டொக்டர் சௌரி முத்து சயரோக ஆரோக்கியசாலையை நிறுவியமையும், 1956இற் சென்னையிற் சயரோக மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் அமைந்தமையும் அந்நோயின் கொடுமைக்குச் சான்று. ஊரெல்லாம் சயரோகம் பரந்திருந்த நாளில், இருமலோடு வந்தவரின் விரற்கணுவைத் தொட்டுப் பார்க்க யாருக்கு நேரமிருந்தது? இருமலுக்கு ஒரு வைத்தியரும் மூட்டுக்கு ஒரு வைத்தியருமாக நோயாளி இருவேறு வாசல்களில் நின்றார். வாசல்கள் இரண்டாயினும் நோய் ஒன்று என்பதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

சான்றுகள் இரத்தத்திலிருந்தும் வந்தன. நோர்வே நாட்டு எரிக் வாலர் 1940இலும் அமெரிக்காவின் ஹரி றோஸ் 1948இலும், மூட்டுவாதக்காரரின் இரத்தத்தில் ருமற்றொயிட் காரணி என்னும் ஒருவகை எதிர்ப்பொருள் உள்ளதைக் காட்டினர். பின்னர் 1998இல், நெதர்லாந்து ஆய்வாளர் இன்னும் கூர்மையான ஒரு சோதனைக்கு வழி கண்டனர். உடலின் புரதங்களில் ஆர்ஜினைன் என்னும் கூறு சிற்றுலின் என்னும் கூறாக உருமாறுவதுண்டு. அவ்வாறு உருமாறிய புரதங்களைப் பகையெனக் கொள்ளும் எதிர்ப்பொருள்கள் மூட்டுவாதக்காரர் பலரிடம் உள்ளன என்று அவர்கள் காட்டினர். இன்று சீ.சீ.பீ. என வைத்தியசாலைகளில் வழங்கும் இரத்தச் சோதனை அதன் வழி வந்ததே. 2003இல் சுவீடன் நாட்டின் வடபகுதியில், சேமித்து வைக்கப்பட்ட பழைய இரத்தத்தைச் சோதித்தபோது ஒரு புதுமை வெளிப்பட்டது. மூட்டுக்கள் நோவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வெதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உலவியிருந்தன. அப்படியாயின் மூட்டு, நோய் தொடங்கிய இடமன்று. நோய் வந்து சேர்ந்த இடம். தொடங்கிய இடம் எது?

அந்த வினாவுக்கு விடை தேடும் ஆராய்ச்சி, விந்தையான முறையிலே புகைத்தலிற் சென்று முடிந்தது. ஸ்டொக்ஹோம் நகரத்துப் பேராசிரியர் லார்ஸ் கிளாறெஸ்கொக் குழுவினர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். புகைப்பவரின் சுவாசப்பையைக் கழுவி எடுத்த உயிரணுக்களில், சிற்றுலினாக உருமாறிய புரதங்கள் காணப்பட்டன. புகைக்காதவரிடம் அவ்வாறு காணப்படவில்லை. குறித்த மரபுக்கூற்றைத் தாய்வழியிலும் தந்தைவழியிலும் பெற்ற ஒருவர் புகைப்பவராயின், அம்மரபுக்கூறு இல்லாத புகைக்காதவரைக் காட்டிலும் இவ்வகை மூட்டுவாதத்துக்கு ஆளாகும் வாய்ப்பு 21 மடங்கு என்று அவர்கள் கணக்கிட்டனர். புகை சுவாசப்பையின் புரதத்தை உருமாற்றுகிறது. உடல் அதனை அந்நியமெனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அவ்வெதிர்ப்பொருள் ஆண்டுகள் பல கழித்து மூட்டைத் தாக்குகிறது. இதுவே அவர்கள் முன்வைத்த விளக்கம்.

இவ்விளக்கத்துக்குத் துணைசெய்யும் சான்று ஒன்று உண்டு. சுவீடன் மக்களிற் பலர் ஈரமான பொடிப் புகையிலையை உதட்டினுள் வைத்துச் சுவைப்பவர். அவர்களிடையே மூட்டுவாதம் மிகவில்லை என்று ஆய்வு காட்டியது. இலை ஒன்றே, வாய்க்குட் போனபோது மூட்டுவாதத்தைத் தூண்டவில்லை, புகையாகிச் சுவாசப்பைக்குட் போனபோது தூண்டியது. குற்றம் புகையிலைச் சத்தின்மேல் மாத்திரம் அன்று, புகை சென்ற பாதையின்மேல் என்பது இதனாற் பெறப்படும். வெற்றிலையோடு புகையிலை போடுவோர் இதனை ஆறுதலாகக் கொள்ளலாகாது. வாய்ப்புற்று அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

புகை மாத்திரமன்று. கல்லுடைப்போர் சுவாசிக்கும் சிலிக்காத் தூளும் இவ்வாறே மூட்டுவாதத்தோடு தொடர்புடையதென நிறுவப்பட்டுள்ளது. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தவர் பலர் உத்தியோகம் நாடிச் சென்ற மலேசிய நாட்டில், நெசவுத் தூளைச் சுவாசித்த பெண்களிடையே மூட்டுவாதம் ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுதி என 2016இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. வேல்ஸ் சுரங்கத்திற் கப்லன் கண்ட வட்ட நிழல்களின் பொருள், இவ்வாறு நெடுங்காலம் கழித்துத் தெளிவாயிற்று.

இனி, நோய் தொடங்கிய தொடக்க நாளிலேயே சுவாசப்பை பழுதடைகிறதா என்ற வினா. இதற்கு ஒரு புதிய கண் வேண்டியிருந்தது. ஆங்கில எந்திரவியலாளர் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த ஸ்கான் கருவி 1971இல் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. 1980களில் அதன் நுட்பம் வளர்ந்து, சுவாசப்பையை மெல்லிய சீவல் சீவலாகக் காட்டும் முறை வந்தது. சாதாரண மார்புப் படத்திற் புலப்படாத நுண்ணிய வலைப்பின்னலும் தழும்பும் அதிற் புலப்பட்டன. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், மூட்டுவாதம் தொடங்கி இரண்டாண்டுகூட நிரம்பாத 36 பேரைப் பரிசோதித்தனர். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோரின் சுவாசப்பையில் ஏதோ ஒரு மாறுதல் இருந்தது. ஆயினும் நோயென்று சொல்லத்தக்க அளவுக்கு முற்றியிருந்தது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவரிடமே. பின்னர் அமெரிக்காவிலும் சுவீடனிலும் நடந்த ஆய்வுகள், எதிர்ப்பொருள் உடையவரும் மூட்டு நோவு இன்னும் தொடங்காதவருமான சிலரிடத்திலும், மருந்து எதுவும் உண்ணாத புதிய நோயாளரிடத்திலும் மூச்சுக் குழாய்களில் மாறுதல்களைக் கண்டன. ஆகவே சுவாசப்பைப் பழுது நெடுங்கால நோயின் இறுதி விளைவு என்ற எண்ணம் நிலைபெறவில்லை. நோயின் முதல் அத்தியாயத்திலேயே அது எழுதப்படலாம்.

சுவாசப்பையில் நிகழும் கேடு பலவகைப்படும். அதனைப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வு அழன்று நீர் கோக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவிற் குத்து எடுக்கும். முழங்கைத் தோலடியிற் காணப்படும் சிறு முடிச்சுக்கள் போன்றவை சுவாசப்பையினுள்ளும் தோன்றலாம். சிறு மூச்சுக்குழாய்கள் தடித்துச் சுருங்கலாம். இவை யாவற்றிலும் அஞ்சத்தக்கது, காற்றறைகளுக்கு இடைப்பட்ட மென்மையான இழையம் அழன்று, நாளடைவில் நாராக இறுகுதல். பஞ்சு போன்றிருக்க வேண்டிய சுவாசப்பை காய்ந்த நுங்குக் கோம்பை போலாகிவிட்டால், காற்றை உள்வாங்கவும் இரத்தத்துக்கு ஒட்சிசன் கொடுக்கவும் அதனால் இயலாது. மூட்டுவாதக்காரருள் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இந்நிலை வெளிப்படையாக வருவதாகக் கணிக்கப்படுகிறது. மூட்டுவாதம் பெண்களை மிகுதியாகப் பற்றினாலும், அதனோடு கூடிய சுவாசப்பை இறுக்கம் ஆண்களையும், முதியோரையும், புகைத்தோரையும், எதிர்ப்பொருள் மிகுந்தோரையும் கூடுதலாகத் தாக்குகிறது. இந்நோயாளரின் மரணத்துக்குரிய காரணங்களில், இருதய நோய்க்கு அடுத்தபடியாக நிற்பது சுவாசப்பை நோயே.

இவ்விடத்தில் வடமராட்சித் தோட்டங்களை மீண்டும் நினைக்கவேண்டியுள்ளது. ஒல்லாந்தர் காலத்திலேயே புகையிலை யாழ்ப்பாணத்தின் பெருஞ்செல்வமாயிருந்தது. கடல் கடந்து திருவிதாங்கூருக்கு அது ஏற்றுமதியாயிற்று. யாழ்ப்பாணம் புகையிலை என்ற பெயர் மலையாள நாட்டில் இன்றும் மறக்கப்படவில்லை. இலங்கையின் தென்பகுதிப் பட்டினங்களில் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக்கடைகள் பேர் பெற்றவை. அச்செல்வத்தால் வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர், கோயில்கள் திருப்பணி கண்டன. உழைத்த மக்களைக் குறைகூற ஒருவருக்கும் உரிமையில்லை. ஆயினும் திண்ணையிலிருந்து சுருட்டுப் பற்றிய பாட்டனாரின் விடாத இருமலும், அவருடைய மடங்காத விரல்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கலாம் என்பதை அந்நாளில் அறிந்தவர் இல்லை. இன்று அறியவைக்கப் போதிய சான்று உண்டு. புகைத்தலை விட்டாலும் அதனால் வந்த ஆபத்து உடனே நீங்குவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லக் குறைகிறது. ஆகவே விடும் நாள் எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நன்று.

நோயைக் கண்டபின் செய்யத்தக்கது என்ன? இங்கேயும் வரலாறு ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பைக் காட்டுகிறது. ஆந்திர நாட்டிற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், 1920களில் அமெரிக்கா சென்று, அங்கே லெடேலி ஆராய்ச்சி நிலையத்தை நடத்தினார். போலிக் அமிலத்துக்கு எதிராக வேலைசெய்யும் மருந்துகள் அவருடைய குழுவினரால் உருவாயின. 1948இற் சிறுவரின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட அமினொப்ரெறின் அவற்றுள் ஒன்று. 1951இல் அதனை மூட்டுவாதத்துக்குக் கொடுத்தபோதும் பலன் தெரிந்தது. அதன் உடன்பிறப்பாகிய மெதொத்திரெக்சேற், 1980களில் நடந்த பரிசோதனைகளின் பின் மூட்டுவாதத்தின் தலையாய மருந்தாயிற்று. சுப்பாராவ் அதனைக் காணவில்லை. 1948இலேயே அவர் மறைந்தார்.

மெதொத்திரெக்சேற் அரிதாகச் சிலருடைய சுவாசப்பையிற் சடுதியான அழற்சியை உண்டாக்கும். அதனால், சுவாசப்பை இறுக்கத்துக்கும் இதுவே காரணம் என்ற அச்சம் நெடுங்காலம் நிலவியது. அண்மைக்கால ஆய்வுகள் அவ்வச்சத்தைத் தளர்த்தியுள்ளன. நெடுநாளைய இறுக்கத்தை இம்மருந்து உண்டாக்குவதாகத் தெரியவில்லை. அது தோன்றுவதைத் தாமதிக்கச் செய்வதாகவே தோன்றுகிறது. ஆகவே இருமல் வந்ததும் நோயாளி தாமாக மருந்தை நிறுத்துவதும் பிழை, இருமலை மறைத்து மருந்தை விழுங்குவதும் பிழை. வைத்தியரிடம் உடனே சொல்வதே முறை. 1990களில் இலண்டனில் உருவான புதிய ஊசிமருந்துகளோ மூட்டுக்குப் பெருநன்மை செய்தன. ஆனால் உடலில் உறங்கிக் கிடந்த சயரோகத்தை அவை எழுப்பக்கூடும் என்பது 2001இல் வெளிப்பட்டது. அதன் பின்னர் அவ்வூசியைத் தொடங்குமுன் மார்பைச் சோதிப்பது விதியாயிற்று. மூட்டைக் குணமாக்கப் புகும் வைத்தியர் சுவாசப்பையைப் பார்த்தே ஆகவேண்டிய காலம் இவ்வாறு வந்தது. 2019இல் நடந்த பரிசோதனையொன்று, நின்தெடனிப் என்ற மருந்து சுவாசப்பை மேன்மேலும் இறுகுவதை மெதுவாக்கும் எனக் காட்டியது. மெதுவாக்கும், இறுகியதை இளக்காது. நேரத்தோடு அறிதலின் அருமை இதில் அடங்கியிருக்கிறது.

நேரத்தோடு அறிவதற்கு முதலில் வேண்டுவது விலையுயர்ந்த கருவியன்று. கிறீன் வைத்தியர் மானிப்பாயில் மாணவருக்குக் கற்பித்த அந்தக் குழலை முதுகின் அடிப்பகுதியில் வைத்து, ஆழ மூச்சு விடச் சொன்னால் போதும். சுவாசப்பை இறுகத் தொடங்கியவரிடத்தில், காய்ந்த பனையோலை மெல்ல நொறுங்குவது போன்ற சத்தம் கேட்கும். கேட்டால் ஸ்கான் படமும், மூச்சின் அளவைக் காணும் சோதனையும் தொடரவேண்டும். கேட்பதற்கோ வைத்தியருக்கு ஒரு தூண்டுதல் வேண்டும். அத்தூண்டுதல் நோயாளியின் வாயிலிருந்து வரும் ஒரு சொல்.

கரவெட்டிப் பெண்ணிடம் இனி மீள்வோம். விரற்கணுக்களில் வீக்கமும், காலையில் அரைமணிக்கு மேற்பட்ட இறுக்கமும் ஆறு கிழமைகளாக நீடித்தால் அது எண்ணெயோடு விடத்தக்கதன்று. மந்திகையில் உள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கோ, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அவள் செல்லலாம். அங்கே கையை நீட்டும்போது கூடவே அவள் சொல்லவேண்டியவை சில: இத்தனை மாதமாக வரட்டிருமல், இவ்வளவு தூரம் நடந்தால் இளைப்பு, வீட்டில் இன்னார் புகைப்பவர், இன்ன தூளிலே வேலை. கேளாமலே சொல்லவேண்டும். கேட்பார் இல்லாமையாலும் சொல்வார் இல்லாமையாலும் இந்த ஒரு நோய் நூற்றைம்பது ஆண்டு இரண்டு நோயாக நடமாடியது.

சல்பெத்திரியேரின் ஒன்பது ஏழைப் பெண்கள், வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர், வடசுவீடனில் இரத்தம் கொடுத்த ஊர்மக்கள் என, பெயர் தெரியாத எத்தனையோ பேர் தம் உடலாலே இந்த உண்மையை உலகுக்கு எழுதிக்கொடுத்தனர். அது வரட்டிருமலோடு கிணற்றடியில் நிற்கும் ஒருத்தியின் செவிக்கு எட்டி, அவள் அடுத்த முறை வைத்தியர் முன் அமரும்போது கையோடு மூச்சையும் சேர்த்துச் சொல்வாளாயின், அவர்கள் பட்ட துன்பம் பயன்பட்டதாகும்.